நிதித்துறைக்குப் போக எந்தக் கல்லூரி? எங்கள் வீட்டுக் கணக்கு

2023 ஏப்ரல் கடைசியில் அக்கா போன் செய்தாள். மகளுக்கு பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பிபிஏ ஃபைனான்ஸ் சீட் கிடைத்துவிட்டது, ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கட்டியாயிற்று, மீதிக்கு லோன் எடுக்க வேண்டும், "நீ ஒரு நடை வந்து பார்த்துட்டுப் போ" என்றாள். ப்ளஸ் டூ முடிவே அப்போது வரவில்லை. நான் சென்னையில் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் பிரிவில் இருக்கிறேன். அடுத்தவர் வருமானத்தைப் பார்த்து, இவரால் மாதம் எவ்வளவு தவணை தாங்க முடியும் என்று சொல்வதுதான் பதினாறு வருடமாக என் வேலை. சொந்த அக்கா வீட்டுக் கணக்கை மட்டும் அதுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஒவ்வொரு மே மாதமும் தெரிந்தவர்கள் யாராவது இதே கேள்வியோடு கூப்பிடுகிறார்கள். ஃபைனான்ஸில் நல்ல வேலை வேண்டும், பெரிய கல்லூரிக்குக் கடன் வாங்கி அனுப்பலாமா? போனில் பத்து நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால், அக்கா வீட்டில் சம்மதம் கேட்டு, முழுக் கணக்கையும் இங்கே எழுதுகிறேன்.

அத்தானுக்கு ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் எட்டு விசைத்தறி. அந்த ஊர் முழுக்க ஓடுகிற பேண்டேஜ் துணிதான் அவர் தறியிலும் ஓடுகிறது. நல்ல மாதத்தில் கையில் அறுபதாயிரம் நிற்கும், நூல் விலை ஏறினால் முப்பதுகூடத் தேறாது. தறி ஷெட் ஏற்கெனவே பேங்க் அடமானத்தில் இருக்கிறது, வீட்டுப் பத்திரம் பாட்டி பேரில். இந்த இரண்டும் பின்னால் முக்கியமாக வரும்.

மே 8 அன்று ப்ளஸ் டூ முடிவு வந்தது. 600க்கு 580, காமர்ஸ் குரூப். அந்த வாரக் கடைசியில் நான் சத்திரப்பட்டி போய்ச் சேர்ந்தபோது அத்தான் ஷெட்டிலேயே இருந்தார். தறிச் சத்தத்தில் பேச முடியாது, ஆகவே வாசலில் பாவு நூல் பெட்டிகள் மேல் உட்கார்ந்து, பில் புத்தகத்தின் கடைசித் தாளைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தோம். ஃபீஸ், ஹாஸ்டல், போக்குவரத்து எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஆறு லட்சம், மூன்று வருடத்துக்குப் பதினெட்டு. அத்தானால் சேமிப்பிலிருந்து மூன்று லட்சம் போட முடியும், பதினைந்து லட்சம் கடன். "வேலைக்குப் போனதும் அவளே கட்டிருவா மாப்பிள்ளை, எல்லாரும் அப்படித்தான பண்றாங்க" என்றார்.

கட்டுவாளா என்று பார்த்தோம். வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டேன், பெண் பிள்ளைகளுக்கான சலுகையெல்லாம் கழித்த பிறகு. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். இதைத்தான் பெரும்பாலான பெற்றோர்கள் கவனிப்பதில்லை. முதல் வருடம் வாங்கும் ஐந்து லட்சத்துக்கு நான்கு வருட வட்டி, அடுத்த ஐந்துக்கு மூன்று வருடம், கடைசி ஐந்துக்கு இரண்டு. தனி வட்டியாகப் போட்டாலே 4,72,500 ரூபாய். ஆக, முதல் தவணை கட்டும் நாளில் கடன் 19,72,500. பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் 26,600 சொச்சம். பதினைந்து வருடமாக இழுத்தால் 21,800, ஆனால் அப்போது மொத்தம் கட்டுவது 39 லட்சத்தைத் தாண்டும். அத்தான் அந்தத் தாளை வாங்கி, தலைகீழாகப் பிடித்தோமோ என்பது போல இரண்டு தடவை பார்த்தார்.

அதோடு இன்னொரு தடை. அன்றைக்கு ஏழரை லட்சம் வரை கல்விக் கடனுக்கு ஈடு கேட்க மாட்டார்கள், அதற்கு மேல் போனால் கேட்பார்கள். ஈடு வைக்க ஷெட் இல்லை, பாட்டியின் வீடுதான் உண்டு. எழுபத்தெட்டு வயதுப் பாட்டியைக் கையெழுத்துப் போட வைப்பதா என்ற பேச்சு வந்ததும் அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். மத்திய அரசின் வட்டி மானியம் அன்றைக்கு ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான், அத்தானுடைய கணக்கு அதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. (2024 நவம்பரில் பிஎம் வித்யாலட்சுமி திட்டம் வந்த பிறகு நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. எட்டு லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்குப் பத்து லட்சம் வரையிலான கடனில், தவணை தொடங்கும்வரை மூன்று சதவீத வட்டியை அரசு ஏற்கிறது, ஆனால் கல்லூரி அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். இப்போது முடிவெடுப்பவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.)

சரி, கடன் இவ்வளவு என்று தெரிந்தது. படித்து வந்தால் என்ன கிடைக்கும்?

அக்கா மகளிடம் கேட்டேன். "இன்வெஸ்ட்மென்ட் பேங்கர் ஆகணும் மாமா." அவர் காலையில் ஆபீஸ் போய் என்ன செய்வார் என்று கேட்டதற்கு, யோசித்து, "ஷேர் வாங்கி வித்துக் குடுப்பாங்க" என்றாள். அவள்மேல் தப்பில்லை, பதினேழு வயதில் எனக்கு அதுகூடத் தெரியாது. ஆனால் பதினெட்டு லட்சம் போடப் போகிற வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

நிதித்துறை என்பது ஒரே கட்டடம், ஆனால் ஒவ்வொரு மாடிக்கும் வாசல் வேறு. கம்பெனிகளை வாங்குவது விற்பது, பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டுவது போன்ற வேலைகள் நடக்கும் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்கின் முன்வரிசை மேசைகள் பெரும்பாலும் மும்பையில் இருக்கின்றன. அதற்கு ஆள் எடுப்பது ஐஐஎம்களில் முதல் வரிசையில் உள்ளவை, ஐஎஸ்பி மாதிரி மேலாண்மைக் கல்லூரிகளில். பட்டப்படிப்போடு நிறுத்தியவர்கள் என்றால் டெல்லி ஸ்ரீராம் காமர்ஸ் கல்லூரி (எஸ்ஆர்சிசி) மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய கல்லூரிகள், அப்புறம் நல்ல ரேங்க் வாங்கிய சி.ஏ.க்கள், அதாவது பட்டயக் கணக்காளர்கள். சென்னையில் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், பிஎன்ஒய் போன்ற பெரிய வங்கிகளின் அலுவலகங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி, வாங்கி விற்றது சரியாகப் பதிவாகியிருக்கிறதா, பணம் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்கும் ஆபரேஷன்ஸ் வேலை. நல்ல வேலை, மரியாதையான சம்பளம், ஆனால் அதற்கு எந்த பி.காமும் போதும். மூன்றாவதாக எங்களைப் போன்ற கடன் கொடுக்கும் நிறுவனங்கள், வங்கிகள். சி.ஏ.வில் ஃபவுண்டேஷன், இன்டர், ஃபைனல் என்று மூன்று கட்டம், இங்கே இன்டர் வரை முடித்தவருக்கே தனி மதிப்பு உண்டு. இவற்றுக்குப் பிறகு, இன்ஷூரன்ஸும் கணக்கு திறப்பதும் என்று மாதாந்திர டார்கெட்டோடு ஓடும் விற்பனை வேலை.

தனியார் கல்லூரிக் கையேடுகளில் இந்த மாடிகளெல்லாம் ஒன்றாகக் குழைக்கப்படுகின்றன. "எங்கள் மாணவர்களை எடுத்த நிறுவனங்கள்" என்று உலகப் பெரிய வங்கியின் சின்னம் போட்டிருக்கும். எடுத்தது உண்மைதான், ஆனால் எந்த வேலைக்கு? நான் அந்த அட்மிஷன் அலுவலகத்துக்கு போன் போட்டு இரண்டே கேள்வி கேட்டேன்: போன வருடம் பிபிஏ ஃபைனான்ஸில் வேலை கிடைத்தவர்களின் நடுவில் இருப்பவருக்கு என்ன சம்பளம், அவருடைய பதவியின் பெயர் என்ன? மூன்று நாள் கழித்து வந்த பதில், அதிகபட்ச சம்பளம் எவ்வளவு என்பது. திரும்பக் கேட்டதற்கு "சராசரி" வந்தது. நான் கேட்டது சராசரி இல்லை, ஒருவருக்கு முப்பது லட்சம் கிடைத்தால் சராசரி தானாக ஏறிவிடும்.

இதற்கு ஒரு நேர்வழி இருக்கிறது, நிறைய பேருக்குத் தெரியாது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் நிறுவனங்கள் தாங்கள் கொடுத்த விவரத்தைத் தங்கள் இணையதளத்திலும் போட்டாக வேண்டும். அந்தக் கோப்பில், மூன்று வருடப் பட்டப்படிப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவில் இருப்பவரின் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள் என்று வருடவாரியாக இருக்கும். நிறுவனமே கொடுக்கும் கணக்குதான், யாரும் வந்து தணிக்கை செய்த கணக்கு என்று நினைக்க வேண்டாம். இருந்தாலும் கையேட்டைவிட ஆயிரம் மடங்கு மேல். அந்தப் பெங்களூர் பல்கலைக்கழகத்தின் கோப்பில் நடு சம்பளம் வருடத்துக்கு 4,20,000. பிடித்தம் போக மாதம் முப்பத்தோராயிரம் கைக்கு வரும் என்று வையுங்கள். அதில் 26,600 தவணை. பெங்களூரில் தங்கும் இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் மிச்சம் நாலாயிரத்து நானூறு.

அந்தத் தாளில் நான் வட்டம் போட்டுக் காட்டியது அந்த நாலாயிரத்து நானூறை அல்ல. நிதித்துறையில் மேலே போனவர்கள் எல்லோருக்கும் இருபத்தொன்றிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள், குறைந்த சம்பளத்திலோ சம்பளமே இல்லாமலோ கழித்த சில வருடங்கள் இருக்கும். சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப்பில், அதாவது ஆடிட்டரிடம் எடுக்கும் கட்டாயப் பயிற்சியில், சில ஆயிரம் ரூபாய்க்கு வேலை பார்த்திருப்பார்கள், ஐஐஎம் நுழைவுத் தேர்வான கேட்டை (CAT) இரண்டாம் தடவை எழுதியிருப்பார்கள், முதலீட்டு ஆய்வுக்கான சிஎஃப்ஏ தேர்வுக்கு ஒவ்வொரு நிலைக்கும் ஆயிரம் டாலரை ஒட்டிக் கட்டி ராத்திரி படித்திருப்பார்கள். அந்த வருடங்களில்தான் ஆள் உருவாகிறார். மாதம் 26,600 கட்ட வேண்டிய பெண்ணுக்கு அந்த வருடங்கள் கிடையாது. முதலில் வருகிற வேலையைப் பிடித்துக்கொண்டு ஓடத்தான் முடியும், அது விற்பனை வேலையாக இருந்தாலும். கல்விக் கடன் தின்பது பணத்தை மட்டுமல்ல, அவளுக்கு மிகவும் தேவைப்படப்போகிற காலத்தையும்தான். அத்தானிடம் இதைச் சொன்னபோது அவர் தறியை வைத்தே புரிந்துகொண்டார். "நூலுக்குக் கடன் வாங்கி நெய்தவன் விலை ஏறும் வரைக்கும் துணியை வச்சிருக்க முடியாது, வந்த விலைக்குத் தள்ளிரணும், அதான" என்றார். அதேதான்.

பெங்களூர் அன்றோடு முடிந்தது. ஜூனில் விலகல் கடிதம் அனுப்பினோம். அட்வான்ஸ் திரும்பி வராது என்று முதலில் மறுத்தார்கள். அந்த வருடத்துக்கான பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) உத்தரவு, செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத் தொகையும் தர வேண்டும் என்று சொன்னது. அதை இணைத்து மூன்றாவது மெயில் போட்ட பிறகு, செப்டம்பர் கடைசியில் 49,000 வந்தது. ஆயிரத்தை எதற்குப் பிடித்தார்கள் என்று நான் மல்லுக்கு நிற்கவில்லை.

அடுத்தது டெல்லி. இதுதான் உண்மையான போட்டி, நான் அதிகம் குழம்பியதும் இதில்தான். அவள் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் நுழைவுத் தேர்வு எழுதியிருந்தாள், மனசு முழுக்க எஸ்ஆர்சிசி. அது கிடைத்திருந்தால் நகையை விற்றாவது அனுப்புங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். வருட ஃபீஸ் முப்பதாயிரத்தை ஒட்டித்தான், ஆனால் வளாகத்துக்கு வரும் நிறுவனங்களும் கூடப் படிக்கும் பிள்ளைகளும் எத்தனை லட்சம் கொடுத்தாலும் வேறு இடத்தில் வாங்க முடியாதவை. செலவு குறைவு, வாசல் பெரிது. அப்படிப்பட்ட இடங்கள் நாட்டில் சில உண்டு, அங்கே கணக்கே வேண்டாம்.

கிடைக்கவில்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் வந்த ஒதுக்கீட்டில் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஒரு மாலைக் கல்லூரியில் சாதாரண பி.காம்., ஆனர்ஸ் இல்லை. ஃபீஸ் சொற்பம். ஆனால் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் மாதம் பதினைந்தாயிரம், வருடத்தில் இரண்டு தடவை ஊர் வந்து போக ரயில் செலவு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு இரண்டேகால் லட்சம், மூன்று வருடத்தில் ஆறே முக்கால். ஈடு இல்லாத கடனிலேயே அடங்கிவிடும். மாலைக் கல்லூரியில் ஒரு நல்லதும் இருந்தது. பகல் முழுக்க அவள் கையில் இருக்கும், லட்சுமி நகரில் சி.ஏ. பயிற்சி மையங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. டெல்லி என்ற ஊர் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கும் தைரியத்தையும் நான் குறைத்து மதிக்க மாட்டேன்.

அதற்குள் அவள் மதுரையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பி.காம்., கூடவே சி.ஏ. படிப்பது என்று திட்டம். அரசு உதவி பெறும் கல்லூரி, அதிலும் காலை ஷிஃப்ட், அதாவது எய்டட் பிரிவு. வெளியூர்க்காரர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் போகலாம். ஒரே கட்டடம், ஒரே பட்டம், ஆனால் எய்டட் பிரிவில் வருடத்துக்குப் பத்தாயிரத்துக்குள் முடிந்துவிடும், சுயநிதிப் பிரிவில் அதைப் போலப் பல மடங்கு. 580 மார்க் இந்த இடத்தில்தான் பணமாக மாறியது. ஹாஸ்டலும் மெஸ்ஸும் வருடத்துக்கு ஐம்பதாயிரம். சி.ஏ.வுக்கு இன்ஸ்டிடியூட்டுக்குக் கட்டுவது கடைசிவரை எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குள். பயிற்சி வகுப்புக்கு இரண்டு லட்சம் என்று தாராளமாக வைத்தேன். மொத்தம் ஐந்து லட்சம், அதுவும் ஐந்தாறு வருடத்தில் பிரித்துப் பிரித்து. கடன் தேவையில்லை.

ஆனால் சி.ஏ. சும்மா வருவதில்லை, இதை நான் மறைக்கவில்லை. தாள்களை இரண்டு குரூப்பாகப் பிரித்திருப்பார்கள். இறுதித் தேர்வில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்களில் தேறியவர்கள் 2023 நவம்பரில் 9.42 சதவீதம், 2024 மேயில் 19.88, அதே வருடம் நவம்பரில் 13.44. சமீப வருடங்களில் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கிறது. தேறாவிட்டால் என்ன மிஞ்சும் என்று அத்தான் கேட்டார், கேட்க வேண்டிய கேள்வி. பி.காம். பட்டம் மிஞ்சும், இன்டர் முடித்திருந்தால் எங்கள் மாதிரி நிறுவனங்களில் வேலை மிஞ்சும், கடன் மிஞ்சாது.

ஆகஸ்ட் 3 ராத்திரி, டெல்லி இடத்தை ஏற்பதா விடுவதா என்று பேச்சு ஓடியது. அக்காவுக்கு தூரம் பயம். அது ஒரு காரணமாக இருக்கக் கூடாது என்று நான் சொன்னேன், இப்போதும் சொல்வேன். கடைசியில் அவளே முடிவெடுத்தாள். "எஸ்ஆர்சிசின்னா போயிருப்பேன் மாமா. இங்க படிச்சாலும் அங்க படிச்சாலும் அதே சி.ஏ. புக்கு, அதே பேப்பர். ரூமுக்காக ஏழு லட்சம் எதுக்கு?" அப்படிச் சொன்னாலும், மறுநாள் போனில் அவள் குரல் கம்மியிருந்தது.

முதல் வருடம் நான் சொல்லிக் கொடுத்த திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கல்லூரியில் 75 சதவீத வருகை வேண்டும், மதியத்துக்குப் பிறகு பயிற்சி வகுப்பு போகலாம் என்று நினைத்தேன். ஹாஸ்டல் கேட் சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டப்படும் என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நேரடி வகுப்பை விட்டுவிட்டு, ரெக்கார்ட் செய்த வகுப்பை லேப்டாப்பில் பார்ப்பது என்று ஆனது. சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. 2024 ஜூனில் ஃபவுண்டேஷன் எழுதினாள். நானூறுக்கு இருநூறு வேண்டும், வந்தது 188. பொருளாதாரத் தாளில் தப்பு விடைக்குக் கால் மார்க் பிடிப்பார்கள், தெரியாத கேள்விக்கெல்லாம் துணிந்து குறித்துவிட்டாள். முடிவு வந்த அன்று ராத்திரி பத்தரைக்கு போன் செய்து, டெல்லி போயிருக்கலாமோ என்று அழுதாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, இல்லை என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

அதன் பிறகு ஹாஸ்டலை விட்டு, ஒரு தோழியோடு கல்லூரிப் பக்கத்திலேயே வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்தார்கள். மாதம் இரண்டாயிரம் கூடுதல் செலவு, ஆனால் காலை ஆறிலிருந்து எட்டரை வரை நேரடி வகுப்பு. ஃபவுண்டேஷனும் இன்டரும் அந்த வருடம் முதல் வருடத்துக்கு மூன்று தடவை நடப்பதால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. செப்டம்பரில் மறுபடி எழுதித் தேறினாள். 2025 செப்டம்பரில் இன்டர் இரண்டு குரூப்பும் எழுதி, முதல் குரூப் வந்தது, இரண்டாவதில் காஸ்டிங் (செலவுக் கணக்கியல்) தாளில் 36. நாற்பது வேண்டும். இந்தத் தடவை அழவில்லை. 2026 ஏப்ரலில் பி.காம். பரீட்சை, மேயில் அந்த குரூப்.

எங்கள் முடிவில் இழந்ததும் உண்டு. மதுரையில் அவள் வகுப்பில் இந்தத் துறையைப் பற்றிப் பேச இரண்டு மூன்று பேர்தான் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதுவாள், கோர்வையாகப் பேசத் தயங்குவாள். மும்பை முன்வரிசை மேசை இந்த வழியில் நேராக வராது. சி.ஏ. முடித்து, ரேங்கோ நல்ல நிறுவனத்தில் அனுபவமோ இருந்தால்தான் அந்தப் பேச்சே எடுக்க முடியும், இல்லையென்றால் கேட் எழுதி ஐஐஎம் வழியாகப் போக வேண்டும். வீட்டில் பணம் இருக்கிறது, பதினெட்டு லட்சம் போனாலும் தூக்கம் கெடாது என்கிறவர்கள் பெங்களூரைத் தேர்ந்தெடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன், அங்கே கிடைக்கும் பேச்சும் பழக்கமும் நிஜமானவை. அத்தானுக்கு அந்த வசதி இல்லை.

போன வாரம் அவள் ஒரு புதுக் கணக்கோடு கூப்பிட்டாள். மேயில் குரூப் வந்துவிட்டால் இரண்டு வருட ஆர்ட்டிகிள்ஷிப் எங்கே செய்வது? மதுரையில் ஒரு சிறிய ஆடிட்டர் ஆபீஸ், மாதம் நாலாயிரம், வேலை முழுக்க ஜிஎஸ்டி ரிட்டர்ன். சென்னையில் நடுத்தர நிறுவனம் ஒன்று, ஒன்பதாயிரம் தருவார்கள், லிஸ்டட் கம்பெனிகளின் ஆடிட் பார்க்கலாம், ஆனால் ஹாஸ்டலும் சாப்பாடும் பஸ்ஸும் பதினைந்தாயிரம் ஆகும். அவளே கழித்துச் சொன்னாள், மாதம் ஆறாயிரம் துண்டு விழுகிறது என்று. பக்கத்தில் இருந்த அத்தான் போனை வாங்கி, "ஆறாயிரம் தான மாப்பிள்ளை, ரெண்டு வருஷம் அனுப்பிரலாம், சென்னைக்கே போகட்டும்" என்றார். தறிச் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.